உங்கள் நிரல் எம்ஐடி, ஸ்கேனர் ஏன் ஜிபிஎல் என்கிறது? பில்ட் கருவிகளின் உரிமச் சிக்கலை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

சில மாதங்களுக்கு முன் ஒரு சி நூலகத்தை வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பினோம். முழுக்க முழுக்க எம்ஐடி உரிமம் (உரிமக் குறிப்பை வைத்திருந்தால் போதும் என்னும் தாராளமான உரிமம்), மூலக் கோப்புகள் ஆறே ஆறு. இரண்டு நாளில் அவர்களுடைய சட்டப் பிரிவிலிருந்து பதில் வந்தது: உரிமங்களைத் தேடும் ஸ்கேனரின்படி ஜிபிஎல் உரிமம் (தன்னைச் சேர்த்துக்கொண்ட நிரலையும் அதே உரிமத்தில் தரச் சொல்வது) உள்ள 8 கோப்புகள் இருக்கின்றன, எனவே ஏற்க முடியாது. பட்டியலைப் பார்த்தால் அந்த எட்டில் ஒன்றுகூட நாங்கள் எழுதியது இல்லை. கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப், எல்டிமெயின்.எஸ்ஹெச், டெப்காம்ப், மிஸ்ஸிங், கம்பைல், டெஸ்ட்-டிரைவர், ஏஆர்-லிப். எல்லாமே ஆட்டோடூல்ஸ் (ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் என்ற குனு பில்ட் கருவிகள்) கொண்டுவந்து போட்டவை.

அணியில் புதிதாகச் சேர்ந்த தம்பி பதறிப்போய், "அண்ணா, அந்தக் கோப்புகளோட தலைப்புல இருக்கிற உரிமக் குறிப்பை எடுத்துட்டுத் திரும்ப அனுப்பிடலாமா?" என்று கேட்டார். அதைத்தான் செய்யவே கூடாது. சிக்கலே இல்லாத இடத்தில் உண்மையான உரிம மீறலை நாமே உண்டாக்கிவிடுவோம். அவரை உட்காரவைத்து ஒவ்வொரு கோப்பாகத் திறந்து காட்டினேன். அன்று பேசியதையும், அதற்கு முன்னும் பின்னும் பொதிகளோடு மல்லுக்கட்டியபோது கற்றதையும் அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கோப்பைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒன்று: இந்தக் கோப்பின் உள்ளடக்கம் கடைசியில் உருவாகும் பைனரிக்குள் (தொகுக்கப்பட்ட கோப்புக்குள்) போகிறதா, இல்லை பில்ட், அதாவது மூலத்திலிருந்து பைனரியை உருவாக்கும் வேலை, நடக்கும்போது ஓடிவிட்டு நின்றுவிடுகிறதா? இரண்டு: இந்தக் கோப்பை நான் யாருக்காவது கொடுக்கிறேனா? பைனரிக்குள் போகாத கோப்பின் உரிமம் பைனரியைப் பிடிக்காது. ஆனால் மூலப் பொதியோடு அந்தக் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால், அந்தக் கோப்பைப் பொறுத்தவரை அதன் உரிமத்தை நாம் மதித்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் முக்கால்வாசி தலைவலி வருகிறது.

அறிகுறி 1: ஸ்கேனர் கான்ஃபிக்.கெஸ் மாதிரியான கோப்புகளில் ஜிபிஎல் என்று காட்டுகிறது

கோப்பைத் திறந்து முதல் முப்பது வரிகளை முழுதாகப் படியுங்கள். பெரும்பாலான ஸ்கேனர்கள் "ஜெனரல் பப்ளிக் லைசென்ஸ்" என்ற சொல்லைக் கண்டதும் கொடியை ஏற்றிவிடும். அதற்குக் கீழே இருக்கும் பத்தியை நாம்தான் படிக்க வேண்டும். கான்ஃபிக்.கெஸ் கோப்பில் அந்தப் பத்தி சொல்வது இது: ஆட்டோகான்ஃப் உருவாக்கிய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் (பில்ட்டுக்கு முன் கணினியைச் சோதிப்பது) அடங்கிய ஒரு நிரலின் பகுதியாக இந்தக் கோப்பை நீங்கள் விநியோகித்தால், அந்த நிரலின் மற்றப் பகுதிகளுக்கு என்ன நிபந்தனையோ அதே நிபந்தனையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அதாவது எம்ஐடி பொதிக்குள் இருக்கும்வரை எம்ஐடி நிபந்தனையிலேயே போகலாம். இதைத்தான் விலக்குப் பத்தி என்கிறேன். டெப்காம்ப், மிஸ்ஸிங், கம்பைல் ஆகியவற்றிலும் இதே பொருளில் ஒரு பத்தி உண்டு. எல்டிமெயின் கோப்பில் அது லிப்டூலைக் கொண்டு பில்ட் செய்யப்படும் நிரல் என்று மாறி வரும்.

பொதி பெரிதாக இருந்தால் ஒவ்வொன்றாகத் திறக்க முடியாது. முதலில் கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் கட்டளையால் "ஜெனரல் பப்ளிக் லைசென்ஸ்" என்ற ஆங்கிலத் தொடர் வரும் கோப்புகளைப் பட்டியலிடுங்கள். பிறகு அந்தப் பட்டியலின் மேல் கிரெப்பைப் பெரிய எல் கொடியோடு ஓட்டி "ஸ்பெஷல் எக்ஸெப்ஷன்" என்ற ஆங்கிலத் தொடரைத் தேடுங்கள். விலக்குப் பத்தி இல்லாத கோப்புகளின் பெயர் மட்டும் மிஞ்சும். கவலைப்பட வேண்டியது அந்த மிச்சத்தைப் பற்றி மட்டும்தான். எங்கள் நூலகத்தில் மிஞ்சியது பூஜ்யம்.

கூடவே கிடக்கும் மற்றக் கோப்புகளையும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டால்-எஸ்ஹெச் ஜிபிஎல்லே கிடையாது. அதன் தலைப்பில் 1994 எக்ஸ் கன்சார்ட்டியம் என்று காப்புரிமை வரி இருக்கும், உரிமம் எக்ஸ்11. கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கும், ஆட்டோமேக் உருவாக்கும் மேக்ஃபைல்.இன் கோப்புகளுக்கும், ஏசிலோக்கல்.எம்4 கோப்புக்கும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை மிகத் தாராளமான அனுமதி கொடுத்திருக்கிறது: படியெடுக்கலாம், விநியோகிக்கலாம், கைவைக்கத் தடையில்லை. ஆனால் எம்4 அடைவில் கிடக்கும் மேக்ரோக்களில் (கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கப் பயன்படும் துணுக்குகளில்) மட்டும் அவசரப்படாதீர்கள். ஆட்டோகான்ஃப் ஆர்க்கைவிலிருந்து எடுத்தவற்றில் சில விலக்கோடு கூடிய ஜிபிஎல், சில எல்லாவற்றையும் அனுமதிக்கும் குட்டி உரிமம். யாரோ எங்கிருந்தோ ஒட்டிவைத்த மேக்ரோ என்றால் விலக்கே இல்லாமலும் இருக்கலாம்.

இதில் பலர் பார்க்கத் தவறும் ஒரு பொறி இருக்கிறது. விலக்குப் பத்திக்கு ஒரு நிபந்தனை உண்டு என்று பார்த்தோம்: பொதிக்குள் ஆட்டோகான்ஃப் உருவாக்கிய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் இருக்க வேண்டும். நீங்கள் ஆட்டோடூல்ஸை விட்டு சிமேக், மெசான் போன்ற வேறு பில்ட் கருவிக்கு மாறிவிட்டீர்கள், கான்ஃபிகர் ஸ்கிரிப்டை அழித்துவிட்டீர்கள், ஆனால் கான்ஃபிக்.கெஸ் மட்டும் ஏதோ ஒரு துணை அடைவில் தங்கிவிட்டது. இப்போது நிபந்தனை பொருந்தாது. அந்தக் கோப்பு வெறும் ஜிபிஎல் 3 கோப்பு. தீர்வு எளிது: அதை அழித்துவிடுங்கள். யாருக்கும் தேவையில்லாத கோப்பு அது. எம்பெடெட் பொதிகளில் இப்படி அநாதையாகக் கிடந்த கான்ஃபிக்.கெஸ் கோப்புகளை நானே பலமுறை தூக்கியிருக்கிறேன்.

விலக்கு பொருந்துகிறது என்று உறுதியானதும், ஸ்கேனரின் அமைவில் அந்தக் கோப்புகளுக்கு எஸ்பிடிஎக்ஸ் குறியீட்டை (உரிமங்களைச் சுருக்கமாகக் குறிக்கும் பொது முறை) சரியாக எழுதுங்கள். உரிமத்தின் பெயர், அடுத்து "வித்" என்ற இணைப்புச் சொல், அடுத்து விலக்கின் பெயர். "அண்ட்" போட்டு எழுதினால் இரண்டு தனி உரிமங்கள் என்று பொருளாகிவிடும். எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் ஆட்டோகான்ஃப், லிப்டூல், பைசன் ஆகியவற்றின் விலக்குகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. 2021 முதல் அது ஐஎஸ்ஓ தரநிலையும் ஆகிவிட்டதால், சட்டப் பிரிவுக்காரர்கள் அந்த மொழியில் எழுதினால் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள்.

அறிகுறி 2: கிட் ரெப்போவை ஸ்கேன் செய்தால் சுத்தம், டார்பாலை ஸ்கேன் செய்தால் புகார்

இரண்டும் வெவ்வேறு பொருள்கள், அதனால்தான். ரெப்போ நாம் நிரல் எழுதும் களஞ்சியம், டார்பால் வெளியீட்டுக்காகக் கட்டிய மூலப் பொதி. ஆட்டோடூல்ஸ் திட்டங்களில் ரெப்போவில் கான்ஃபிகர்.ஏசி, மேக்ஃபைல்.ஏஎம் மட்டும் இருக்கும். "மேக் டிஸ்ட்" ஓட்டும்போது கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், துணை ஸ்கிரிப்டுகள், எம்4 மேக்ரோக்கள் எல்லாம் டார்பாலுக்குள் போய்ச் சேரும். நீங்கள் உலகத்துக்குக் கொடுப்பது அந்த டார்பாலை என்றால், ஸ்கேன் செய்ய வேண்டியதும் அதைத்தான்.

இந்த இடைவெளி உரிமத்துக்கு மட்டும் ஆபத்தானதல்ல. 2024 மார்ச் 29 அன்று வெளியான எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவைத் திறந்துவிட்ட சாவி, பில்ட்-டு-ஹோஸ்ட்.எம்4 என்ற மேக்ரோ கோப்பு. அதன் மாற்றப்பட்ட வடிவம் டார்பாலில் இருந்தது, கிட் ரெப்போவில் இல்லை. அந்தப் பெயரில் குனுலிப் என்ற பொது நிரல் தொகுப்பின் உண்மையான மேக்ரோ ஒன்று இருப்பதால், பில்ட் குப்பைதானே என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. பில்ட் கோப்புகளை யாரும் படிப்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டே நடந்த வேலை அது. உரிமத்துக்காக அந்தக் கோப்புகளைத் திறந்து பார்க்கும் பழக்கம் பாதுகாப்புக்கும் உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செய்ய வேண்டியது: டார்பாலை ஒரு வெற்று அடைவில் பிரியுங்கள். அதே டேக்கில் "கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்" கொடுக்கும் பட்டியலோடு டிஃப் எடுங்கள். டார்பாலில் மட்டும் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று பெயர் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத கோப்பு இருந்தால் வெளியீட்டை நிறுத்துங்கள். பிறகு "ஆட்டோரீகான்ஃப்" கட்டளையை, இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாக எழுதும் கொடியோடு ஓட்டி, உங்கள் கணினியில் நிறுவப்பட்டிருக்கும் கருவிகளிலிருந்தே கோப்புகளை மறுபடி உருவாக்குங்கள். டெபியன் லினக்ஸ் இதைத்தான் செய்கிறது. அதன் பொதி கட்டும் கருவியான டெப்ஹெல்பரின் 10-ஆம் இணக்க நிலையிலிருந்து ஆட்டோரீகான்ஃப் தானாகவே ஓடுகிறது.

அறிகுறி 3: பில்ட்டில் உருவான சி கோப்பின் தலையிலேயே ஜிபிஎல்

இங்கே முதல் கேள்விக்கு விடை மாறுகிறது. பைசன் என்பது ஓர் இலக்கணக் கோப்பிலிருந்து பார்சரை (உரையைப் பகுத்துப் படிக்கும் நிரலை) எழுதித் தரும் கருவி. அது உருவாக்கும் ஒய்.டேப்.சி கோப்பு பைனரிக்குள் போகிறது. பொதுவாக ஒரு கருவியின் உரிமம் அதன் வெளியீட்டைப் பிடிக்காது. ஜிபிஎல் உரிமம் உள்ள எடிட்டரில் கதை எழுதினால் கதை ஜிபிஎல் ஆவதில்லை. ஆனால் பைசன் தன்னுடைய மூலத்திலிருந்தே ஒரு பெரிய பார்சர் எலும்புக்கூட்டை எடுத்து வெளியீட்டில் ஒட்டுகிறது. ஒட்டப்பட்ட பகுதிக்குக் காப்புரிமை உண்டு.

அதனால்தான் பைசனுக்கும் ஒரு விலக்கு எழுதினார்கள். வெளியீட்டின் தலைப்பைப் படித்தால் தெரியும்: அந்த எலும்புக்கூட்டைக் கொண்ட பெரிய படைப்பை நீங்கள் விரும்பிய நிபந்தனையில் விநியோகிக்கலாம். ஒரே கட்டுப்பாடு, அந்தப் படைப்பே இன்னொரு பார்சர் உருவாக்கியாக இருந்து, இதே எலும்புக்கூட்டைப் பயன்படுத்தக் கூடாது. இந்த விலக்கு எல்லா எலும்புக்கூடுகளுக்கும் விரிவானது 2.2 பதிப்பில், 2006-ல். அதற்கு முன் சி மொழியில் உருவாக்கும் எல்ஏஎல்ஆர் என்ற வகைப் பார்சர்களுக்கு மட்டும் இருந்தது. அதற்கும் முன்னால் கட்டற்ற மென்பொருளில் மட்டுமே பயன்படுத்த முடியும் என்ற நிலை.

ஆகவே பழைய ரெப்போ ஒன்றில் பல வருடங்களுக்கு முன் யாரோ உருவாக்கி கமிட் செய்த பார்சர் கோப்பு இருந்தால், அதன் தலைப்பில் விலக்குப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இலக்கணக் கோப்பிலிருந்து இன்றைய பைசனால் மறுபடி உருவாக்கிவிடுங்கள், தலைப்பும் புதிதாகிவிடும். இலக்கணக் கோப்பே தொலைந்துபோயிருந்தால் அது இன்னும் பெரிய சிக்கல். உருவான சி கோப்பு மூலம் ஆகாது, மனிதர் திருத்தும் வடிவம் இலக்கணக் கோப்புதான். பைசனோடு சேர்த்துப் பயன்படுத்தும் ஃபிளெக்ஸ் கருவி விஷயத்தில் இந்தக் கவலை இல்லை, அது பிஎஸ்டி உரிமம்.

அறிகுறி 4: "உடன் உள்ள கோப்பைப் பார்க்கவும்" என்கிறது, அந்தக் கோப்பு உடன் இல்லை

சிமேக் திட்டங்களில் இதை அடிக்கடி காணலாம். ஏதோ ஒரு நூலகத்தைக் கண்டுபிடிக்க ஃபைண்ட் என்று தொடங்கும் ஒரு மாட்யூலை கேடிஇ என்ற லினக்ஸ் மேசைத்தளத் திட்டத்திலிருந்து படியெடுத்துச் சேர்த்திருப்பார்கள். அதன் தலைப்பில், பிஎஸ்டி உரிமத்தின்படி பயன்படுத்தலாம், விவரத்துக்கு உடன் உள்ள காப்பியிங்-சிமேக்-ஸ்கிரிப்ட்ஸ் கோப்பைப் பார்க்கவும் என்று இருக்கும். மாட்யூலைப் படியெடுத்தவர் அந்தக் கோப்பைப் படியெடுத்திருக்க மாட்டார். அவரிடமிருந்து படியெடுத்தவரும் அப்படியே. இப்படிக் கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் சுற்றும் மாட்யூல்கள் ஏராளம்.

பிஎஸ்டி தாராளமான உரிமம்தான், ஆனால் உரிம வாசகத்தைக் கூடவே வைக்க வேண்டும் என்பது அதன் முதல் நிபந்தனை. அந்த ஒன்றைத்தான் இங்கே மீறுகிறோம். முதலில் மாட்யூல் இன்னும் தேவையா என்று பாருங்கள். பல நூலகங்கள் இப்போது தங்கள் சொந்த சிமேக் கான்ஃபிக் கோப்பையே நிறுவுகின்றன, படியெடுத்த மாட்யூலைத் தூக்கிவிட்டாலே போதும். தேவை என்றால் மூலத் திட்டத்திலிருந்து அந்த உரிமக் கோப்பைத் தேடி எடுத்து வையுங்கள். ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ரீயூஸ் முறையைப் பின்பற்றினால் லைசென்ஸஸ் என்ற ஒரே அடைவில் எல்லா வாசகங்களும் இருக்கும், "ரீயூஸ் லிண்ட்" கட்டளை விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டும்.

அறிகுறி 5: மூலப் பொதிக்குள் பைனரி இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள்

கிரேடில் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தும் பெரும்பாலான ஜாவா, ஆண்ட்ராய்டு திட்டங்களில் கிரேடில்-ராப்பர்.ஜார் என்று ஒரு கோப்பு இருக்கும். உரிமம் அப்பாச்சி 2.0, அதில் கோளாறு இல்லை. கோளாறு அது தொகுக்கப்பட்ட கோப்பு என்பதில். அப்பாச்சி அறக்கட்டளையின் விதிப்படி மூல வெளியீட்டில் தொகுக்கப்பட்ட நிரல் இருக்கவே கூடாது. டெபியனும் மூலம் இல்லாத ஜாரை ஏற்காது. தீர்வு, ரெப்போவில் அது இருக்கட்டும், வெளியீட்டு டார்பாலில் மட்டும் விலக்கிவிடுங்கள். கணினியில் நிறுவிய கிரேடிலை ஓட்டி ராப்பரை உருவாக்கிக்கொள்ளும் முறையை ரீட்மீயில் இரண்டு வரியில் சொல்லுங்கள். ரெப்போவில் இருக்கும் ஜாரை கிரேடில் வெளியிடும் செக்சம் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது.

வாஃப் என்ற பில்ட் கருவியின் கதை இன்னும் நுட்பமானது. அதுவும் பிஎஸ்டிதான். வாஃப் என்ற ஒற்றைக் கோப்பைத் திறந்தால் மேலே பைத்தான் நிரல் தெரியும், கீழே இறங்கினால் சுருக்கப்பட்ட பைட்டுகள் குப்பையாக வரும். கருவியின் மீதிப் பகுதி முழுக்க அதற்குள் அடைபட்டிருக்கிறது. படிக்க முடியாததை மூலம் என்று டெபியன் ஏற்பதில்லை. அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் பைத்தான் கோப்புகளை வெளியில் வைத்து, அப்படியே ஓடும்படி செய்து கொடுக்க வேண்டும். உரிமம் தாராளமாக இருந்தாலும் மூலம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் எனக்குச் சரியென்றே படுகிறது. எக்ஸ்இசட்டுக்குப் பிறகு இன்னும் கூடுதலாக.

அறிகுறி 6: கருவியின் உரிமத்தில் "நல்லதற்கு மட்டும்" என்று ஒரு வரி

ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்க ஜேஎஸ்மின் என்ற சின்ன சி நிரலைப் பல திட்டங்கள் பில்ட் அடைவுக்குள் வைத்திருந்தன. அதன் பழைய படிகளில் எம்ஐடி வாசகத்தோடு, இந்த மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். நல்லெண்ணத்தோடு எழுதியதாகத் தெரிந்தாலும், எதற்குப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் உரிமம் கட்டற்ற உரிமம் ஆகாது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் டெபியனும் அதை ஏற்பதில்லை. ஜேசான் உரிமம் என்ற பெயரில் இதே வரி வரும். 2016-ல் அப்பாச்சி அறக்கட்டளையும் அதைத் தடை செய்த பட்டியலில் சேர்த்தது.

இதற்கு விலக்குத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். டெர்சர் போன்ற வேறு கருவிக்கு மாறுங்கள், பழைய கோப்பை அழியுங்கள்.

கையோடு இன்னொன்று. சுருக்கும் கருவிகள் கருத்துரைகளையும் சேர்த்துச் சுருக்கிவிடும், அதில் மற்ற நூலகங்களின் உரிமக் குறிப்புகளும் போய்விடும். எம்ஐடி நூலகங்கள் பலவற்றை ஒரே பண்டிலில் அடைத்து, ஒரு பெயர்கூட மிஞ்சாமல் வெளியிடும் தளங்கள் நிறைய. "@" குறியோடு "லைசென்ஸ்" அல்லது "பிரிசர்வ்" என்று தொடங்கும் கருத்துரைகளை விட்டுவைக்கும் அமைவு டெர்சரில் இருக்கிறது. பண்டில் கட்டும் கருவியான வெப்பேக்கில் அவை தனி உரைக் கோப்பாகப் பிரிந்து வரும். அந்த உரைக் கோப்பையும் சேர்த்தே சர்வரில் ஏற்றுங்கள்.

அறிகுறி 7: நிரல் ஜிபிஎல், பில்ட் ஸ்கிரிப்ட் ஒத்துப்போகாத உரிமம்

இதுவரை பார்த்தவற்றில் நிரல் தாராளம், கருவி ஜிபிஎல். இதைத் தலைகீழாகத் திருப்பினால் விஷயம் உண்மையிலேயே சிக்கலாகிறது. காரணம் ஜிபிஎல் 2-ன் மூன்றாம் பிரிவில் இருக்கும் ஒரு சொற்றொடர். முழுமையான மூலநிரல் என்றால் என்ன என்று சொல்லும்போது, மாட்யூல்களின் மூலம், இடைமுக வரையறைக் கோப்புகள் ஆகியவற்றோடு, தொகுப்பதையும் நிறுவுவதையும் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளும் அதில் சேரும் என்கிறது. அந்த முழுமையான மூலத்தை ஜிபிஎல்லின் முதலிரண்டு பிரிவுகளின் நிபந்தனையில் கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இந்த ஒரு சொற்றொடரில் சிடிஆர்டூல்ஸ் உடைந்தது. லினக்ஸில் குறுந்தகடு எழுதிய எவருக்கும் சிடிரெக்கார்டு, எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் நினைவிருக்கும். அதை எழுதிப் பராமரித்த யோர்க் ஷில்லிங் தன்னுடைய மேக்ஃபைல் அமைப்பையும், பிறகு 2006-ல் நிரலின் பெரும்பகுதியையும் சன் நிறுவனத்தின் சிடிடிஎல் உரிமத்துக்கு மாற்றினார். எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் ஜிபிஎல்லிலேயே இருந்தது. சிடிடிஎல்லும் கட்டற்ற உரிமம்தான், ஆனால் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலை.

டெபியனின் வாதம்: மேக்ஃபைல் அமைப்பு என்பது தொகுப்பதைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்ட், எனவே அது ஜிபிஎல் நிபந்தனையில் வர வேண்டும், சிடிடிஎல்லில் இருக்கும்போது முடியாது, ஆகவே பைனரியை விநியோகிக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஷில்லிங்கின் வாதம்: பில்ட் அமைப்பு ஒரு தனிப் படைப்பு, ஸ்கிரிப்டைக் கொடுக்க வேண்டும் என்றுதான் ஜிபிஎல் சொல்கிறது, அது ஜிபிஎல்லில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இருவரும் இறங்கி வரவில்லை. 2006 செப்டம்பரில் டெபியன்காரர்கள் உரிமம் மாறுவதற்கு முந்தைய நிரலிலிருந்து பிரிந்து சிடிஆர்கிட் என்று புதிய திட்டம் தொடங்கினார்கள். அங்கே அவர்கள் செய்த முக்கியமான காரியங்களில் ஒன்று, பழைய மேக்ஃபைல் அமைப்பைத் தூக்கிவிட்டு சிமேக்கில் பில்ட்டைப் புதிதாக எழுதியது. வோடிம், ஜென்ஐஎஸ்ஓஇமேஜ் என்ற பெயர்கள் அப்படி வந்தவை.

சட்டப்படி யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, அதைச் சொல்ல வழக்கறிஞர் வேண்டும். நடைமுறையில் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவு: சந்தேகம் இருக்கும்வரை விநியோகம் செய்பவர் காத்திருக்க மாட்டார். அவர் பிரிந்து போவார், அல்லது உங்கள் பொதியைக் கைவிடுவார்.

இன்று இதே சிக்கல் எங்கே எட்டிப் பார்க்கும்? "ஜிபிஎல் 2 மட்டும்" என்று இருக்கும் திட்டத்துக்குள் அப்பாச்சி 2.0 உரிமம் உள்ள கிரேடில்டபிள்யூ ஸ்கிரிப்டை (கிரேடில் ராப்பரை ஓட்டுவது) சேர்த்தால். அப்பாச்சி 2.0 ஜிபிஎல் 3-ஓடு ஒத்துப்போகும், ஜிபிஎல் 2-ஓடு ஒத்துப்போகாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் கணிப்பு. நிரல் முழுக்க நீங்களே எழுதியது என்றால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, சொந்த உரிமம் சொந்தக்காரரைக் கட்டாது. உங்களிடமிருந்து வாங்கி மறுபடி கொடுப்பவரைத்தான் அது கட்டும். சிக்கலை நீங்கள் உணர மாட்டீர்கள், அவர் உணர்வார். ஆகவே இவற்றில் ஒன்றைச் செய்யுங்கள்: உரிமத்தை "2 அல்லது அதற்குப் பிந்தையது" என்று மாற்ற எல்லாப் பங்களிப்பாளர்களிடமும் சம்மதம் வாங்குங்கள், அல்லது குறிப்பிட்ட பில்ட் கோப்புகளோடு சேர்த்து விநியோகிக்கக் கூடுதல் அனுமதி என்று ஒரு பத்தி எழுதுங்கள், அல்லது அந்த ஸ்கிரிப்டைப் பொதியிலிருந்து எடுத்துவிட்டுக் கணினியில் நிறுவிய கருவியை நம்புங்கள். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, கையெழுத்துக்காக யாரையும் துரத்த வேண்டியதில்லை. 2007-ல் வந்த ஜிபிஎல் 3 இந்த இடத்தில் நிம்மதி தருகிறது. மாற்றாமல் பயன்படுத்தும் பொதுவான கருவிகளும், எங்கும் எளிதாகக் கிடைக்கும் கட்டற்ற நிரல்களும் மூலத்தின் பகுதி ஆகாது என்று அதில் தெளிவாகவே எழுதிவிட்டார்கள்.

அறிகுறி 8: ஒரே பொதியை ஃபெடோரா ஏற்கிறது, டெபியன் திருப்பி அனுப்புகிறது

இரண்டு பேரும் வேறு வேறு கேள்வி கேட்கிறார்கள். டெபியனைப் போல லினக்ஸ் விநியோகமான ஃபெடோராவில், பொதியை விவரிக்கும் ஸ்பெக் கோப்பில் உள்ள உரிம வரி பைனரிப் பொதிக்குள் இருப்பவற்றைக் குறிக்கும், எனவே கான்ஃபிக்.கெஸ் அங்கே வர வேண்டியதில்லை. டெபியனின் காப்பிரைட் கோப்பு மூலப் பொதிக்கும் சேர்த்துப் பேசுகிறது, புதிதாக வரும் ஒவ்வொரு பொதியையும் ஒரு தனி அணி பார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறது. அங்கே பில்ட் கோப்புகளுக்கும் பத்தி எழுதுங்கள். எழுதும்போது வரிசையைக் கவனியுங்கள்: ஒரு கோப்புக்குப் பல பத்திகள் பொருந்தினால் கடைசியாக வருவதே செல்லும். எல்லாக் கோப்புகளையும் குறிக்கும் நட்சத்திரப் பத்தியை முதலில் வையுங்கள். அதைக் கடைசியில் வைத்தால் மேலே எழுதிய எல்லாமே வீண். "லைசென்ஸ்செக்" கட்டளை முதல் வரைவுக்கு உதவும், ஆனால் விலக்குப் பத்திகளைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள்.

எங்கள் நூலகத்துக்கு வருகிறேன். எட்டுக் கோப்புகளிலும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. எக்ஸ்இசட் திட்டத்தின் காப்பியிங் என்ற உரிமக் கோப்பில் பில்ட் அமைப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கும் பாங்கு எனக்கு எப்போதும் பிடிக்கும். அதே பாங்கில் எங்கள் காப்பியிங் கோப்பின் அடியில் ஒரு பத்தி சேர்த்தோம். அதன் பொருள் இது:

"இந்த நூலகத்தின் நிரல் எம்ஐடி உரிமத்தில் வழங்கப்படுகிறது. பில்ட் அமைப்பில் குனு ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் ஆகியவற்றிலிருந்து வந்த கோப்புகள் உள்ளன. அவற்றுள் சில விலக்குடன் கூடிய ஜிபிஎல் உரிமம் கொண்டவை. ஒவ்வொன்றின் உரிமமும் அந்தந்தக் கோப்பின் தலைப்பில் உள்ளது. இவற்றில் எதுவும் பில்ட் செய்யப்பட்ட நூலகத்துக்குள் சேர்வதில்லை."

கடைசி வாக்கியத்தை எழுதும் முன் அது உண்மைதானா என்று பார்த்துக்கொண்டோம். எங்களிடம் பைசன் வெளியீடு எதுவும் இல்லை. உங்களிடம் இருந்தால் அதற்குத் தனி வாக்கியம் எழுத வேண்டும். கீழே எட்டுக் கோப்புகளின் பெயரும் எஸ்பிடிஎக்ஸ் குறியீடும் ஒரு அட்டவணையாக. இதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பியதும் மூன்றாம் நாள் ஒப்புதல் வந்தது.

காப்பியிங் கோப்பு தானாக டார்பாலில் சேரும். அட்டவணையைத் தனிக் கோப்பாக வைத்தால் சேராது, மேக்ஃபைல்.ஏஎம் கோப்பில் எக்ஸ்ட்ரா-டிஸ்ட் வரியில் அதன் பெயரையும் எழுதி, "மேக் டிஸ்ட்செக்" ஓட்டி, டார்பாலைப் பிரித்து அது உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தம்பி முதல்முறை அந்த வரியை எழுத மறந்துவிட்டார். டார்பாலைப் பிரித்துப் பார்த்தபோது அவரே கண்டுபிடித்துச் சேர்த்தார்.